ஊமை வீட்டுக்கு ஒரு பாடு

என் அண்ணனின் மொழியில் எங்கள் ஊர்த் தலைவரின் பெயர் தொப்பை. வயிற்றுக்கு முன்னால் கையை ஒரு முழம் தள்ளி வட்டமாக ஒரு சுற்று சுற்றுவான், தலைவர் வந்துவிடுவார். கோயில் கணக்கைப் பார்க்கும் பெரியவருக்கு மாறுகண். அவரைச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து ஒன்றோடொன்று முட்டவிடுவான். டீக்கடைக்காரர் என்றால் மடக்கிய கட்டைவிரல், ஏனென்றால் அவருக்கு அது இல்லை. எங்கள் நைனா வளைந்த முதுகு. நான் ஓயாமல் திறந்து மூடும் தாடை. பிறவியிலிருந்தே காது கேட்காத என் அண்ணனிடம் கேட்டால், எங்கள் ஊரில் ஊனம் இல்லாதவர் என்று ஒருவரும் தேறமாட்டார்.

ஊர் அவனுக்கு வைத்த பெயர் ஊமை.

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ரேஷன் கார்டில் இருக்கிற பெயரால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிடவும் முடியாது. குலசாமி பெயரைப் பாதிப் பேருக்கு வைத்திருக்கிறார்கள். தெருவில் நின்று அந்தப் பெயரைக் கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர்தான். நொண்டி வீடு, திக்குவாயன் வீடு, டோரிக்கண்ணன் வீடு. நொண்டி வீட்டில் இன்றைக்கு நொண்டுகிற ஆள் யாரும் இல்லை. நொண்டியவர் எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டார். அவருடைய பேரன்கள் கபடியில் கோப்பை வாங்கி அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் கூரியர் கொண்டுவருகிறவன் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, நொண்டி வூடு எது?" என்றுதான் கேட்கிறான். அந்த வீட்டுக்காரரே, "நான்தாம்பா, குடு" என்று கையை நீட்டுவார்.

அதே சொல்லைச் சண்டையில் யாராவது எடுத்தால் மட்டும் துடுப்பு பேசும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பொன்னேரியில் கல்லூரி, பாடம் தமிழ். படித்தவனுக்கு முதலில் வருகிற வியாதி, கேட்கிற சொல்லையெல்லாம் அகராதியில் தேடுவது. ஏலம் நடக்கிற இடத்தில் என் அத்தை மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது எதிரே வருகிற எல்லோரையும் கபோதி என்றுதான் திட்டும். "கபோதி, ஒதுங்குடா!" நான் அதைப் பேமானி வகையைச் சேர்ந்த, பொருளே இல்லாத ஒரு வசவு என்று நினைத்திருந்தேன். கல்லூரி நூலகத்தில் பார்த்தால் கபோதி என்றால் குருடன், அவ்வளவுதான். ஒரு காலத்தில் யாரோ ஒரு கண் தெரியாத மனிதரை எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் அப்படிச் சொல்லியிருப்பார்கள். கண் தெரியாதவர்கள் அந்தச் சொல்லைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள், திட்டு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. மூச்சிரைக்க வந்து அத்தையிடம் சொன்னேன்.

அத்தை யோசித்தது. "அப்டியா? கண்ணு தெரியாதவன் மாரிதானே வந்து இடிக்கறானுங்க. அப்போ நான் சரியாத்தான் சொல்லிகினு இருந்திருக்கேன்" என்றது. அன்றிலிருந்து இன்னும் தெளிவாகத் திட்டுகிறது.

நான் போய்வந்த பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு இருக்கை. அதன் மேல் 'மாற்றுத்திறனாளிகள்' என்று எழுதியிருந்தது. அதன் அடியில் பழைய பெயின்ட் தெரிந்தது, 'ஊனமுற்றோர்' என்று. உப்புக்காற்றில் மேல் பூச்சு உரிந்து இரண்டும் சேர்ந்து தெரியும். இன்னும் சுரண்டினால் முடவர் வரும், அதற்கும் கீழே சப்பாணி வரும் என்று நினைத்துக்கொள்வேன். இருக்கையில் எப்போதும் யாரோ ஒரு வாட்டசாட்டமான ஆள் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பான். எழுத்தை எத்தனை முறை மாற்றினாலும் அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. சொல்லைத்தான் கவனித்தேன். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பொன்னேரியிலிருந்து இனிப்புப் பொட்டலம் வாங்கிப் போகிற மாதிரி அதை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் நைனாவிடம். "இனிமே அண்ணன ஊமைனு சொல்லக்கூடாது நைனா. மாற்றுத்திறனாளினு சொல்லணும்."

வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்தார். "அது இன்னா வேலைடா? காட்டுப்பள்ளி துறைமுகத்துல ஆள் எடுக்கறாங்களா?"

அடுத்தது, மாலையில் சமுதாயக் கூடத்தில் நான் டியூஷன் எடுத்த பிள்ளைகள். மரியாதை, சமத்துவம் என்று விளக்கமாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வாரமே மணலில் கிரிக்கெட் ஆடும்போது ஒருவன் கேட்சை விட்டான். "டேய் மாற்றுத்திறனாளி, அத்தக்கூட புடிக்க மாட்டியாடா!" என்று பந்து போட்டவன் கத்தினான். நான் ஓடினேன். "அப்படித் திட்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"மரியாதயாத்தான் சார் திட்டறோம்" என்றான்.

சில நாட்களில் அந்தச் சொல் அவர்களுக்கு நீளமாகிவிட்டது. மாத்து ஆயிற்று. டேய் மாத்து. போடா மாத்து. என் கண்ணெதிரே ஒரு நல்ல சொல் கெட்டுப்போயிற்று. மீன்கூட வெயிலில் அதைவிட அதிக நேரம் தாங்கும்.

இந்த லட்சணத்தில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் அவன் தனித் தலைக்கட்டு, ஊர்க் கணக்கில் தனிக் குடும்பம். தலைக்கட்டு ஆனவனுக்குப் பாடு உண்டு. ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குச்சி ஊன்றி வலை கட்டினால் இறால் நன்றாக விழும். இடம் குறைவு, ஆள் அதிகம். எனவே யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று ஊர் கூடிக் குலுக்கிப் போடும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு இல்லாதவன் ஏரியின் ஓரத்தில் மிச்சம் மீதியைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இல்லையென்றால் துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை. காது கேட்காதவனை அங்கே கேட்டில்கூட நிற்கவைக்க மாட்டார்கள். அண்ணன் அத்தனை வருஷமும் நைனாவோடு நைனாவின் பாட்டில் வலை கட்டியவன். இப்போது அவனுக்கென்று ஒரு பாடு வேண்டும். அண்ணி வீட்டில் பெண் கொடுத்ததே அதை நம்பித்தான்.

குலுக்கலுக்கு எங்கள் ஊரில் சீட்டு எழுதுவதில்லை. ஒவ்வொரு தலைக்கட்டும் தன் அடையாளமாக ஒரு பொருளைப் பானையில் போடும். சிப்பி, சோடா மூடி, சட்டைப் பொத்தான், அறுந்த மிதவைத் துண்டு. தலைவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு பானைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து உயரத் தூக்கிக் காட்டுவார். பொருளுக்குரியவன், "என்னுது!" என்று குரல் கொடுக்க வேண்டும். அவனே கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பிக்காகவோ, மச்சான் மச்சானுக்காகவோ குரல் கொடுக்க முடியாது. துறைமுக வேலைக்குப் போய்விட்டுப் பாட்டையும் விடாமல், மச்சானைவிட்டுக் கத்தச் சொல்லி இடம் பிடித்தவர்களால் ஒருமுறை மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு போட்ட சட்டம் இது. குரல் வராத பொருளை ஓரமாக வைத்துவிடுவார்கள். அவனுக்கு அந்த வருஷம் பாடு கிடையாது.

அண்ணனை மனதில் வைத்து யாரும் அந்தச் சட்டத்தைப் போடவில்லை. அண்ணன் யார் மனதிலும் இல்லை.

குலுக்கலுக்கு முன்னால் கோயில் கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. "ஊமைக்கு எப்டி பாடு குடுக்கறது? ஏரியில ஒதுங்குனு கத்தனா அவனுக்குக் கேக்குமா?" என்று மாறுகண் பெரியவர்தான் ஆரம்பித்தார். நான் எழுந்தேன். சட்டையை உள்ளே விட்டுப் போயிருந்தேன். ஊமை என்ற சொல்லின் வரலாறு, அது எப்படி வசவானது, ஊமைக்கோட்டான் என்பது எவ்வளவு கேவலம், உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்றெல்லாம் பேசினேன். அண்ணன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "ஊர்ப் பேச்சில் இனிமேல் மாற்றுத்திறனாளி என்றே சொல்ல வேண்டும்" என்று முடித்தேன்.

நான் எதிர்பார்க்கவே இல்லை, தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். "புள்ள படிச்சவன், நல்லாத்தான் சொல்றான். இன்னாய்யா சொல்றீங்க?" எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் மைக்கை வாங்கி, "இனிமே யாரும் அந்தப் புள்ளைய ஊமைனு கூப்படக்கூடாது. மாற்றுத்திறனாளினுதான் கூப்படணும். இது ஊர்க்கட்டு" என்று அறிவித்தார். ஒலிபெருக்கி கீச்சிட்டது. எனக்குப் புல்லரித்தது.

மைக்கை வைக்கும் முன்னால் தலைவர் இன்னொன்றும் சொன்னார். "அதான் மாற்றுத்திறனாளினு ஆயிட்சே. கவர்மெண்டு உதவித்தொகை தருது, பஸ்ஸுல தனி சீட்டு தருது. அந்தப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்? வூட்ல குந்திகினு நிம்மதியா இருக்கட்டும். இந்தப் பாடு, சேறு, சகதி எல்லாம் நமக்கு."

நைனாவின் முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்தது. ஊமையாக இருந்தவரைக்கும் அண்ணன் நொண்டி வீடு, திக்குவாயன் வீடு என்ற வரிசையில் ஒருவன். நான் போய் அவனைத் தூக்கி அரசாங்கத்தின் மடியில் உட்காரவைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சொம்பைத் தரையில் வைத்த சத்தத்திலேயே நிலவரம் தெரிந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் என் எதிரே நின்றுகூடப் பேசாதவர் அவர்.

"தம்பி, பேச்சு ரொம்ப ஷோக்கா இருந்துச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. பேரு மாத்தச் சொல்லி நாங்க உன்னக் கேட்டமா?"

"இல்ல அண்ணி, அது கேவலமான வார்த்த…"

"எது கேவலம்? எங்கூர்ல என் பேரே பூனக்கண்ணி. அத்த மாத்தித் தர்றியா? நாங்க தண்ணி கேட்டோம். நீ சொல்லு வாங்கியாந்திருக்கே. அத்த கொழம்பு வெச்சித் தரவா?"

"காது கேக்காதவன் ஏரியில எப்டினு அவங்க பயப்படறாங்க…"

"ஆமா, ரொம்ப பயம். ஒதுங்குனு கத்தனா கேக்காதாம். இஞ்சின் போட்டுட்டா இங்க யாருக்குத்தான் காது கேக்குது? டீசல் ஊத்தற வரைக்குந்தான் இவனுங்க கேக்கறவனுங்க. அதுக்கப்புறம் ஊரே செவுடு."

இதை நான் கொட்டகையில் சொல்லியிருக்க வேண்டும். நான் ஊமைக்கோட்டானை விளக்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் இதற்குள் என்னையும் அண்ணியையும் மாறிமாறிப் பார்த்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தான். என் தாடையைக் காட்டினான். தொப்பையைக் காட்டினான். தன் நெஞ்சைத் தொட்டு, குச்சி ஊன்றுகிற மாதிரி இரண்டு கைகளையும் தரையை நோக்கி அழுத்தி இறக்கினான். எனக்கு. பாடு.

மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போனேன். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு போனேன். ஒன்றுதான் கேட்டேன். "ஊர்ச் சட்டத்துல இன்னா இருக்குது தலைவரே? பொருள் போட்டவன் கொரல் குடுக்கணும். குடுத்தா பாடு உண்டுதானே?"

"கொரல் குடுத்தா யாருக்கும் உண்டு. ஆனா உங்கண்ணன் எங்கடா குடுக்கப்போறான்?" என்று சிரித்தார்.

"பொருள் போடறதுல தடை இல்லல்ல?"

"போட்டுக்கோ. பானை பெருசாத்தான் இருக்குது."

அண்ணனுக்குக் குரல் இருந்தது. அது ஊருக்கு மறந்துபோயிருந்தது. சின்ன வயதில் அவன் கத்துவான். கன்றுக்குட்டிக்கும் சங்குக்கும் நடுவில் ஒரு சத்தம். தெருப்பிள்ளைகள் அதே மாதிரி கத்திக் காட்டுவார்கள். அவனுக்கு அது கேட்காது, ஆனால் வாய் போகிற கோணலும் பின்னால் வருகிற சிரிப்பும் தெரியும். ஒருநாள் வாயை மூடினான். பிறகு தெருவில் அவன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஊமை என்று பெயர் வைத்தது அதற்கு முன்பே. பெயருக்கு ஏற்ற மாதிரி ஆளை ஆக்கியது அப்புறம்.

"எனக்குக் கேக்குமே" என்றார் அண்ணி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "வூட்டுக்குள்ள என்ன அந்தக் கொரல்லதான் கூப்படறாரு. எனக்குனு வெச்சிருந்தாரு. பரவால்ல. ஊருக்கும் ஒருவாட்டி குடுக்கட்டும்."

அண்ணனிடம் அவர்தான் கேட்டார், கையால். தொண்டையைத் தொட்டு, கையை வீட்டுக்கு வெளியே, ஊர்ப்பக்கம் வீசினார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். தெருவைக் காட்டி, வாயைக் கோணி, சிரிக்கிற மாதிரி தோளைக் குலுக்கிக் காட்டினான். சிரிப்பார்கள். அதைத்தான் சொன்னான். அண்ணி பதிலுக்கு எதையோ காட்டினார். அது எனக்குப் புரியவில்லை, புருஷன் பெண்டாட்டி பாஷை. அண்ணன் சைக்கிளின் மணிமூடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். அவனுக்கு அந்த மணி ஒருநாளும் கேட்டதில்லை. பானையில் போட அதைத்தான் தேர்ந்தெடுத்தான். கத்துவானா மாட்டானா என்று மட்டும் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

குலுக்கல் நாளில் கரையோரம் ஊரே கூடியிருந்தது. நொண்டி வீடு, திக்குவாயன் வீடு எல்லாம் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தன. தலைவரின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். கண் கட்டியிருக்கிற அந்த நேரம் மட்டும் அவரை யார் என்ன சொன்னாலும் குற்றமில்லை, அது வழக்கம். "கபோதி, நல்லா கலக்கு!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை கத்தியது. வருஷம் முழுக்க அடக்கிவைத்தது. தலைவர் பல்லைக் காட்டிக்கொண்டே கலக்கினார்.

பொத்தான் வந்தது. "என்னுது!" சிப்பி வந்தது. "என்னுது!" திக்குவாயன் வீட்டுக்காரர், "எ… எ… எ…" என்று திணறி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அவருக்கு எப்போதும் காத்திருப்பார்கள்.

பிறகு மணிமூடி வந்தது. வெயிலில் பளிச்சென்று மின்னியது. தலைவர் தடவிப் பார்த்தார். "இன்னாய்யா இது? யாருது?"

சத்தமே இல்லை. எல்லோருக்கும் தெரியும் யாருடையது என்று. நைனா மணலைப் பார்த்தார். எனக்கு "அண்ணனுது" என்று வாய் வரை வந்தது. சொன்னால் சட்டப்படி அத்தோடு முடிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தாடையை இறுக்கிக்கொண்டேன். அண்ணன் எழுந்து நின்றிருந்தான். மூடியைப் பார்க்கவில்லை. வரிசையாக முகங்களைப் பார்த்தான், சின்ன வயதில் சிரித்த முகங்கள் எல்லாம் அங்கேதான் மீசையோடு உட்கார்ந்திருந்தன. தலைவர் மூடியை ஓரமாக வைக்கக் கையை இறக்கினார்.

அண்ணன் கத்தினான்.

சேற்றில் மேய்ந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின. டீக்கடையில் ஒரு கிளாஸ் உடைந்தது. கண்ணைக் கட்டியிருந்த தலைவர் காதுக்குப் பக்கத்தில் ஏதோ கப்பல் வந்துவிட்ட மாதிரி துள்ளி, பின்னால் சாய்ந்து, பானையோடு சேர்த்துச் சேற்றில் உட்கார்ந்தார். அண்ணன் மூச்சு தீரும்வரை நிறுத்தவில்லை. இத்தனை வருஷ பாக்கி.

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் தலைவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அண்ணன் அதைக் கவனித்தான். நான் அவன் கவனித்ததைக் கவனித்தேன்.

மாறுகண் பெரியவர் விடவில்லை. "என்னுதுனு சொல்லணும். இது சொல்லு இல்ல, வெறும் சத்தம்."

தலைவர் சேற்றில் உட்கார்ந்தபடியே துண்டை ஒரு கண்ணிலிருந்து மட்டும் மேலே தூக்கினார். "கொரல்தானே கேட்டோம்? எனக்குக் கேட்டுச்சுய்யா. இன்னும் கேட்டுகினே இருக்குது. பாடு அவனுக்குத்தான். என்னத் தூக்குங்கடா."

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அண்ணனை ஊமை என்று யாரும் சொல்வதில்லை. என் உரைக்கும் ஊர்க்கட்டுக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. கொக்கைக் கிளப்பின ஆளை எப்படி ஊமை என்பது? இப்போது அவன் பெயர் ஹாரன். எங்கள் வீடு ஹாரன் வீடு. அழுகிற குழந்தையைக்கூட, "ஹாரன் அடிக்காதடா" என்று அதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் ஒருநாள் அடிதடிக்கான சொல்லாகும். எப்போது என்று நான் அகராதி வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

நான் கொண்டுவந்த சொல்லும் வீணாகவில்லை. அதற்கு ஊர் ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. என்னைத்தான். இரண்டு கை, இரண்டு கால், கண், காது எல்லாம் சரியாக இருக்கிற நான்தான் எங்கள் ஊரின் மாத்து. "இன்னா மாத்து, டீயா, காபியா?" என்று டீக்கடைக்காரர் மரியாதையாகக் கேட்கிறார்.

அண்ணனின் முதல் பாடு வந்த நாளில் நானும் படகில் போனேன். குச்சியைப் பிடி என்று அண்ணன் காட்டினான். பிடித்தேன், சாய்த்தேன், தண்ணீரில் விட்டேன். பக்கத்தில் இஞ்சின் போட்டு வந்த படகிலிருந்து ஒருவன், "யோவ் மாத்து! ஒரு குச்சி புடிக்கத் துப்பில்லயா?" என்று கத்தினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று, அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்தக் கூடாது, அதற்கென்று ஒரு கண்ணியம் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். இஞ்சின் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் படகு நேராக அண்ணன் ஊன்றிய குச்சிகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று கத்தினேன். அதுவும் கேட்கவில்லை.

அண்ணன் நிமிர்ந்தான். என்னைப் பார்த்து விரல்களால் தாடையைத் திறந்து மூடிக் காட்டினான். பிறகு என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தப் படகைப் பார்த்துத் தன் குரலைக் கொடுத்தான்.

படகு ஒதுங்கியது.